இடப்பக்கம் பார்த்த ஆடுகள்

நான் ஒரு பெரிய ஓவியனாக வந்திருக்க வேண்டியவன். இதை வேறு யாரும் இதுவரை சொல்லவில்லை என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற கிழமை நம் பழைய வகுப்புக்காரரின் வட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் தன் பேத்தி கீறிய பூனைப் படத்தைப் போட்டார். மற்றவர்கள் எல்லோரும் கைதட்டிக் குவித்தீர்கள். நானும் தட்டினேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன். பூனை இடது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. உடனே எனக்கு ஒரு ஆடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிட்டு அது ஊறும்வரை காத்திருக்கும் வயதில் நாம் எல்லோரும் இருக்கிறோம். உங்களுக்கும் நேரம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆகவே முழுவதையும் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு வருடம். நெடுந்தீவில் மாரிப் பயிர் அறுத்து முடிந்ததும், சோளகக் காற்று எழும்புவதற்கு முன்னால் ஒரு சோம்பேறிக் காலம் வருமே, அந்தக் காலம். யாழ்ப்பாணப் பட்டணத்தில் கடையில் வேலை செய்த சித்தப்பா லாஞ்சிப் படகில் வந்து இறங்கினார். அவரிடம் ஐயா எனக்கு ஒரு கணக்குப் புத்தகம் வாங்கிவரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். சித்தப்பா சீட்டைத் தொலைத்துவிட்டார். சின்னவனுக்கு ஏதோ ஒரு கொப்பி என்பது மட்டும் மண்டையில் மிஞ்சியிருக்கிறது. அவர் கொண்டுவந்தது ஒரு சித்திரக் கொப்பியும், பன்னிரண்டு சாய வில்லைகள் வைத்த ஒரு தகரப் பெட்டியும், ஒரு தூரிகையும்.

“இது கணக்குப் புத்தகமோ?” என்று ஐயா கேட்டார்.

“இதுவும் ஒரு பாடந்தானே அண்ணை,” என்றார் சித்தப்பா.

அந்தக் கொப்பியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அட்டையில் ஒரு அன்னம். அதன் கழுத்து அச்சுப் பிழையால் உடம்புக்குச் சற்றுத் தள்ளி நின்றது. தாளோ மையொற்றும் தாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஈரம் பட்ட உடனே ஊதிப் பொருமும். சாயம் தாளைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் போய் அங்கேயும் ஒரு படமாக நிற்கும். ஒரு படம் கீறினால் இரண்டு படம். அதை நான் இலாபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

எதைக் கீறுவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் அசையாமல் நின்று அசை போடக்கூடிய ஒரே பிறவி மூக்குத்தி. ஐயாவின் சிநேகிதர் ஒருவருடைய ஆடு இரட்டைக் குட்டி போட்டபோது ஒன்றை எங்களுக்கும், மற்றதை மேற்கு வீட்டு மாமிக்கும் கொடுத்திருந்தார். இரண்டும் மறி, பெட்டைக் குட்டிகள். இரண்டும் அட்டைக் கறுப்பு. இரண்டுக்கும் மூக்கின் ஒரு பக்கத்தில் அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. எங்களுடையதற்கு நான்தான் மூக்குத்தி என்று பெயர் வைத்தேன். மாமியின் ஆட்டுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கலைஞனுக்கு அடுத்த வீட்டு ஆட்டில் என்ன அக்கறை?

முதல் நாளே ஒரு தடங்கல். சாயத்துக்குத் தண்ணீர் வேண்டும். நான் குசினிக்குள் போய்க் குடிக்கிற தண்ணீர்க் குடத்துக்குள் தூரிகையை விட்டேன். எங்கள் வளவுக் கிணறு உவர். நல்ல தண்ணீருக்கு அக்கா கல்வேலிகளுக்கு இடையால் நெடுந்தூரம் நடந்து போய் இடுப்பில் சுமந்து வரவேண்டும். அந்தக் குடத்துக்குள் நீல நிறம் சுருள் சுருளாக இறங்கியதை நான் இரசித்துக்கொண்டு நிற்க, பின்னால் நின்ற அக்கா அதை இரசிக்கவில்லை.

“அம்மா! உவன் குடத்துக்கை கடலை விட்டிட்டான்!”

காது திருகப்பட்டது. அன்றிலிருந்து உவர்த் தண்ணீரில்தான் என் நீர்வர்ணம். அதனால் என்ன நடந்ததென்றால், படம் காய்ந்த பிறகு அதன்மேல் உப்புப் பூத்துவிடும். வெயிலில் பிடித்தால் ஆடு மினுங்கும். அந்த மினுக்கத்தை என் தனித் திறமை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். உங்களில் சிலர் நம்பினீர்கள். மூக்குத்திக்கு மட்டும் உண்மை தெரியும். நான் படத்தைக் காயவைத்துவிட்டுத் திரும்பினால் வந்து உப்பை நக்கிவிட்டுப் போவாள். என் படங்களை அவ்வளவு ஆழமாகச் சுவைத்தவர் அதற்குப் பிறகு யாரும் இல்லை.

மூன்றாம் நாள் தூரிகை மொட்டையாகிவிட்டது. மூக்குத்தியின் வாலில் இருந்து கொஞ்ச மயிரை வெட்டி ஈர்க்கில் கட்டிக்கொண்டேன். அந்தக் கிழமையே கறுப்பு வில்லையும் முடிந்தது. கறுப்பு ஆட்டைக் கீறினால் கறுப்புத்தான் முதலில் முடியும் என்பது பெட்டி செய்தவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சட்டிக்கரியைக் குழைத்துப் பார்த்தேன். அது தாளில் ஒட்டாமல் தொட்டவர் விரலில் எல்லாம் ஒட்டியது. பிறகு நீல ஆடு, பச்சை ஆடு, றோசா நிற ஆடு என்று போனேன். நின்ற ஆடு, இருந்த ஆடு, கல்வேலிக்கு மேல் ஏறி நின்று கடலைப் பார்க்கும் ஆடு. கடைசியாகச் சொன்னதில் ஆட்டை விடக் கல் நன்றாக வந்திருந்தது.

இனி நான் செய்த குற்றத்துக்கு வருகிறேன்.

எங்கள் தீவில் அறுவடை முடிந்ததும் ஆடு மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவோம். தெற்கே திறந்த வெளியில் எல்லா வீட்டு ஆடுகளும் ஒன்றாக மேயும். எது யாருடையது என்று காதைப் பார்த்துத்தான் சொல்வது. வீட்டுக்கு வீடு காது வெட்டு வேறு. ஒருவருக்கு நுனி, ஒருவருக்குப் பிளவு, ஒருவருக்கு ஓரத்தில் இரண்டு கொத்து. எங்கள் வீட்டுக் குறி வலக்காதின் கீழ்ப்பக்கத்தில் ஒரு முக்கோணம். அவிழ்த்துவிடும் முன்பு ஐயா கத்தியைத் தீட்டிக்கொண்டு, ஒரு சிரட்டையில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்து வைத்துக்கொண்டு மூக்குத்தியைக் கொண்டுவரச் சொன்னார்.

நான் ஆட்டைக் கொண்டுபோகவில்லை. கொப்பியைக் கொண்டுபோனேன்.

“ஐயா, காது வெட்டினால் படம் வடிவா வராது.”

“என்னடா?”

“இவ்வளவு நாளும் முழுக்காது கீறினனான். இனி அரைக்காது கீற ஏலாது.”

ஐயா சிரிப்பதே அபூர்வம். அன்று சிரித்துவிட்டார். சித்தப்பா அதுதான் சமயம் என்று புகுந்தார். “விடுங்கோ அண்ணை. அவளின்ரை மூக்கிலை பொட்டிருக்கு. அது போதாதோ? ஊருக்கே தெரியும்.”

ஐயா கத்தியை மடக்கினார். என் வாழ்க்கையில் அவர் என் சொல்லைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு கேட்காமல் விட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மேற்கு வீட்டு மாமியின் ஆட்டுக்கும் காது வெட்டவில்லை. காரணம் வேறு. மாமியின் புருசன் கடலோடு போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. கத்தி பிடிக்க வீட்டில் ஆள் இல்லாததால், வன்னியில் இருந்த தமையன் வரும்போது வெட்டலாம் என்று வைத்திருந்தார். மாமி என்றுதான் கூப்பிடுவோமே தவிர எங்களுக்கு இரத்த உறவு இல்லை. அம்மாவும் அவரும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம் நின்று ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள்.

சோளகம் எழும்பியது. புழுதி கண்ணுக்குள்ளும் சோற்றுக்குள்ளும் விழுந்தது. ஒரு பின்னேரம் மற்ற ஆடுகள் வந்தன, மூக்குத்தி வரவில்லை. அதே பின்னேரம் மாமியின் ஆடும் வரவில்லை. ஐயாவும் நானும் வெளி முழுக்கத் தேடினோம். கட்டில்லாத பழங்கிணறுகளுக்குள் எட்டி எட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு கிணற்றையும் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் எட்டிப் பார்த்தேன், ஆகவே நான் தேடியது கணக்கில் சேராது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சோளகக் காய்ச்சல் என்று முடிவுகட்டிக் கொத்தமல்லி அவித்துத் தந்தார். ஆட்டைத் தொலைத்தவனுக்குக் கொத்தமல்லி என்ன செய்யும்? குடித்தேன். நாளுக்கு மூன்று வேளை குடித்தேன்.

மூன்று கிழமை கழித்துத் தண்ணீருக்குப் போன அக்கா வெறுங்குடத்தோடு ஓடி வந்தாள்.

“அம்மா, மூக்குத்தி மேற்கு வீட்டு மாமியின்ரை வளவுக்கை நிக்குது! கட்டியிருக்கு!”

அம்மா கையில் இருந்த அகப்பையோடு போனார். நான் பின்னால் போனேன். கல்வேலிக்கு மேலால் பேச்சு நடந்தது.

“மாமி, இது எங்கடை ஆடெல்லோ?”

“ஆர் சொன்னது? என்ரை ஆடு. நேற்றுத்தான் தானா வந்து படலையடியிலை நிண்டது.”

“இவன் மூண்டு கிழமையாச் சாப்பிடாமக் கிடக்கிறான்.”

“நான் மட்டும் சாப்பிட்டனானோ?”

“எங்கடையின்ரை பொட்டு வலப்பக்கம். பாருங்கோ, இதுக்கும் வலப்பக்கம்!”

“என்ரையின்ரை பொட்டும் வலப்பக்கந்தான். உங்கடை ஆடெண்டால் காதிலை வெட்டு எங்கை? காட்டுமன் பாப்பம்.”

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அகப்பையால் இரண்டு போட்டிருந்தால் அந்தப் பார்வையை விடச் சுகமாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: “கலைஞனாம்!”

வழக்கு ஊர் அதிகாரியான விதானையாரிடம் போயிற்று. அந்தத் தீவில் ஆட்டு வழக்குக்கு அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் மாமி பக்கம் சொன்னால் மூக்குத்தி மாமி வீட்டு ஆடு. நாளைக்கு மாமி அதன் காதில் தன் குறியை வெட்டலாம், விற்கலாம். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் பங்கு.

சித்தப்பா மறுபடி லாஞ்சியில் வந்திறங்கியிருந்தார். அவருக்கு எப்போதும் ஒரு யோசனை உண்டு.

“கொப்பியைக் கொண்டு வாடா. பட்டணத்திலை வழக்கெண்டால் படம்தான் கேக்கிறவங்கள். எங்களிட்டை ஒண்டில்லை, முப்பது படம் இருக்கு!”

எனக்குப் பயம் போய்விட்டது. மறைக்க என்ன இருக்கிறது, பெருமைதான் வந்தது. ஆட்டைக் கலை தொலைத்தது என்று பழித்தவர்கள் முன்னால் கலையே ஆட்டை மீட்கப் போகிறது. கொப்பியை ஐயாவின் சால்வையில் சுற்றிக்கொண்டு, தலையை நன்றாக வாரிக்கொண்டு போனேன்.

விதானையார் வீட்டு முற்றத்தில் பூவரசோடு மூக்குத்தியைக் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் மாமி தனியாக. மற்றப் பக்கம் நாங்கள் ஐந்து பேர். வேலிக்கு மேலால் தலைகள். அந்தத் தலைகளில் இரண்டு உங்களில் இருவருடையவை. பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் ஒருவர் பாக்குவெட்டி போலச் சிரித்துக்கொண்டு நின்றார்.

விதானையார் கதிரையில் சாய்ந்திருந்தபடி முதலில் சுலபமான வழியைச் சோதித்தார். “அவிட்டு விடுங்கோ. ரெண்டு பேரும் கூப்பிடுங்கோ. ஆரிட்டைப் போகுது எண்டு பாப்பம்.”

நான் “மூக்குத்தி!” என்று கத்தினேன். மாமி “பா, பா” என்று நாக்கைத் தட்டினார். மூக்குத்தி எங்கள் இருவருக்கும் நடுவால் நேராக நடந்துபோய் விதானையார் பெண்சாதி காயப்போட்டிருந்த முருங்கைக் கீரையைத் தின்னத் தொடங்கினாள்.

“அப்ப இது என்ரை ஆடு போலை கிடக்கு,” என்றார் விதானையார்.

சிரிப்பு அடங்கியதும் சித்தப்பா சால்வையை விரித்துக் கொப்பியை எடுத்துக் கொடுத்தார். விதானையார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். உப்பு உதிர்ந்து அவர் வேட்டியில் விழுந்தது.

“ஆடு கறுப்பெண்டெல்லோ சொன்னனியள். இது நீலம்.”

“கறுப்பு முடிஞ்சு போச்சு, விதானையார்,” என்றார் சித்தப்பா.

“ஆட்டிலையோ?”

“பெட்டியிலை.”

“இது பச்சை?”

“அது புல்லுத் தின்னேக்கை,” என்றேன் நான். வேலிக்கு மேலால் பாக்குவெட்டி ஒரு தரம் திறந்து மூடியது.

விதானையார் சிரிக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பி ஆட்டுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். ஒரு பக்கத்தைப் பார்ப்பார், ஆட்டைப் பார்ப்பார். அடுத்த பக்கத்தைப் பார்ப்பார், ஆட்டைப் பார்ப்பார். எனக்குப் பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. என் படங்களை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

“இந்த ஆட்டுக்குப் பொட்டு வலப்பக்கம்,” என்றார் கடைசியில். “படத்திலை எல்லாம் இடப்பக்கம். முப்பது படத்திலையும் இடப்பக்கம்.”

காற்று பூவரசு இலைகளைத் திருப்பித் திருப்பிப் போட்டது.

“உங்கடை பிள்ளை கீறின படத்தின்படி பாத்தால், அண்ணை, இது உங்கடை ஆடில்லை,” என்று ஐயாவிடம் சொன்னார்.

சித்தப்பா பாய்ந்து கொப்பியை வாங்கி ஒரு தாளைத் திருப்பினார். சாயம் ஊறிப் பின்பக்கம் வந்திருந்த ஆடு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு, வலப்பக்கப் பொட்டோடு நின்றது. “இஞ்சை பாருங்கோ! இஞ்சை வலப்பக்கம்!”

“அப்ப முன்னுக்கு ஒரு ஆடு, பின்னுக்கு ஒரு ஆடோ? நீர் எந்த ஆட்டுக்கு வழக்குப் பேச வந்தனீர்?” என்றார் விதானையார். சித்தப்பா குந்திவிட்டார். கொப்பி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், கடைசியில் மாமியின் மடியில் போய் இருந்தது. சாட்சி தனக்கு வாய்ப்பாக இருக்கிறது என்று அவர் பார்க்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

விதானையார் என் பக்கம் திரும்பினார். குரல் மெதுவாக இருந்தது. “தம்பி, நீ சொல்லு. உன்ரை ஆட்டைப் பாத்து, கண்டதைக் கண்ட மாதிரித்தான் கீறினனியோ?”

இந்த இடத்தில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு உண்மை தெரியும். எனக்கு இடப்பக்கம் பார்க்கும் ஆடு மட்டும்தான் கீற வரும். மூக்கில் தொடங்கினால் கை தானாக வலப்பக்கம் போய் வாலில் முடியும். மற்றப் பக்கம் பார்க்க வைத்தால் அது ஆடாகவே இராது. இடப்பக்கம் பார்க்கும் ஆட்டில் தெரிவது இடக்கன்னம். பொட்டோ மற்றக் கன்னத்தில். பொட்டில்லாமல் மூக்குத்தி எப்படி மூக்குத்தியாவாள்? ஆகவே தெரிகிற பக்கத்துக்குப் பொட்டை மாற்றிவிட்டேன். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இதைச் சொன்னால் நான் ஓவியன் இல்லை என்று ஆகிவிடும். வேலிக்கு மேலால் இரண்டு தலைகள். பள்ளிக்கூடத்தில் எந்த ஆட்டையும் எந்தப் பக்கத்தாலும் கீறுவேன் என்று அவர்களிடம் பந்தயம் பிடித்திருந்தேன்.

“ஓம்,” என்றேன். “கண்ட மாதிரித்தான் கீறினனான்.”

“அப்ப முடிஞ்சுது,” என்றார் விதானையார்.

அவர் கயிற்றை எடுத்து மூக்குத்தியின் கழுத்தில் போட்டு, மறு நுனியை மாமியிடம் நீட்டினார். மூக்குத்தி முருங்கைக்கீரை ஒன்று வாயோரத்தில் தொங்க, ஒன்றும் நடக்காதது போல என்னைப் பார்த்தாள். ஐயா நிலத்தைப் பார்த்தார்.

“பொய்!” என்று யாரோ கத்தினார்கள். நான்தான்.

“எது பொய்?”

“படம் பொய்! எனக்கு வலப்பக்கம் பாக்கிற ஆடு கீற ஏலாது! ஒருநாளும் வந்ததில்லை! பொட்டுத் தெரிய வேணுமெண்டு இஞ்சாலை மாத்திப் போட்டனான்!”

வேலியில் சிரிப்பு வெடித்தது. விதானையார் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, மேசையில் இருந்து ஒரு கடுதாசியையும் பென்சிலையும் எடுத்துத் தந்தார்.

“சரி. வலப்பக்கம் பாக்கிற ஆடொண்டு கீறு.”

நான் கீறினேன். இன்றுவரை நான் எதற்கும் அவ்வளவு பாடுபட்டதில்லை. வியர்வை மூக்கு நுனியால் சொட்டியது. மூன்றாவது கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றுக்குக் கீழே வைத்தேன். முடித்து நீட்டினேன். விதானையார் நேராகப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

“இது கதிரையெல்லோ?”

“கொம்பு இருக்கு, பாருங்கோ,” என்றேன்.

அப்போது அம்மா எழும்பினார். எனக்காக அம்மா பேசிய மிகப் பெரிய பேச்சு அதுதான். “விதானையார், என்ரை பிள்ளை வேணுமெண்டு பிழையாக் கீறுறான் எண்டு மட்டும் நினையாதேங்கோ. அவனுக்கு உண்மையாவே வராது. பெத்தவள் சொல்லுறன். நல்லது கெட்டது எனக்குத் தெரியும். அவன் கீறினது ஒண்டும் ஒண்டைப் போலையும் இருக்கிறேல்லை.”

விதானையார் கடுதாசியை மடித்தார். “ஓம், அது விளங்குது. ஆனா இவனுக்குக் கீற ஏலாது எண்டால் படம் செல்லாது எண்டுதானே ஆகும், அக்கா? ஆடு உங்கடை எண்டு ஆகாதே.”

எனக்கு மானமும் போய் ஆடும் போகப் போகிறது.

மாமி மட்டும் இவை ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. கொப்பியை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கரியால் கீறிய ஆடு ஒன்றில் அவருடைய விரல் நின்றது. விரலை எடுத்து, நுனியில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தார். பிறகு கொப்பியை மூடி அன்னத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“விதானையார்,” என்றார். “அது அவையின்ரை ஆடுதான். குடுத்து விடுங்கோ.”

“என்ன அக்கா, இப்ப வந்து…”

“குடுத்து விடுங்கோ எண்டு சொல்லுறன்.” கொப்பியை என் கையில் தந்துவிட்டுச் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டார். காற்று எதிர்க்காற்று. சாய்ந்து சாய்ந்து நடந்து போனார்.

“கண்டியளே!” என்றார் அம்மா. “கள்ளி! பிள்ளை உண்மை சொன்னவுடனை பயந்திட்டா.” ஊர் முழுவதும் அப்படித்தான் சொன்னது. சித்தப்பா தன்னுடைய படச்சாட்சியால்தான் வழக்கு வென்றது என்று லாஞ்சியில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். விதானையார் அந்த இடத்திலேயே காதை வெட்டச் சொல்லிவிட்டார். ஐயா வெட்டினார். தலையைப் பிடித்துக்கொண்டது நான். மூக்குத்தி கத்திய கத்தலில் பாதி என்னுடையது.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, மேற்கு வேலியடியால் போகும்போது மாமி கூப்பிட்டார். “தம்பி, இஞ்சை வா மோனை.” ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மெதுவாகக் கிட்டப் போனேன்.

“உன்ரை கொப்பியிலை ஒரு படம் தருவியோ?”

என்னிடம் ஒருவர் படம் கேட்பது அதுதான் முதல் தடவை. சொல்லிவிடுகிறேன், அதுதான் கடைசித் தடவையும்.

“எது மாமி?”

“கறுப்பு முடியமுதல் கீறினதிலை ஒண்டு.”

“அதுகளெல்லாம் பிழை மாமி. பொட்டு மாறிப் போச்சு. நான் அண்டைக்கே சொன்னனான்தானே.”

மாமி வேலிக்கல் ஒன்றை ஆட்டிப் பார்த்து, இறுக்கி வைத்தார். “என்ரையின்ரை பொட்டு இடப்பக்கமடா,” என்றார்.

எனக்குப் பத்து வயது. பாதிதான் விளங்கியது. மற்றப் பாதி விளங்க எவ்வளவு காலம் எடுத்தது என்று உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தானாக வந்து படலையடியில் நின்ற ஆட்டைத் தன்னுடையது என்று நம்ப அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார்! விதானையார் வீட்டு முற்றத்தில், ஐந்து பேருக்கு எதிரே தனியாக இருந்தபடி, தன்னுடைய ஆட்டை முப்பது தடவை அவர் பார்த்திருக்கிறார். அம்மா கண்மூடும்வரை மேற்கு வேலியைப் பார்த்துக் கள்ளி என்றார். நான் ஒரு சொல் சொல்லித் திருத்தியிருக்கலாம். மாமிக்குக் கொப்பியில் தாள் கிழித்துக் கொடுத்ததற்கு அடி விழும் என்று முதலில் சொல்லவில்லை. பிறகு பழகிவிட்டது. இப்போது இருவரும் இல்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். இனிமேல் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் அது சரியில்லை என்று சொல்லுங்கள்.

அன்று நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து வேலிக்கு மேலால் கொடுத்தேன். மாமி நிதானமாகத் தெரிந்தெடுத்தார். கல்லின்மேல் ஏறி நிற்காத, சும்மா நிலத்தில் நிற்கிற ஒரு கறுப்பு ஆடு. தாளைக் கிழிக்கும்போது கிழிசல் வாலோடு போய்விட்டது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. வெளிச்சத்தில் பிடித்துக் கிட்டவும் எட்டவும் வைத்துப் பார்த்தார்.

“காது கொஞ்சம் நீண்டு போச்சு,” என்றார்.

“அது காத்துக்கு, மாமி.”

மாமி சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, பெருவிரலால் அந்தப் பொட்டைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு கேட்டார்.

“முகம் அப்பிடியே கிடக்கு. நீ என்ரையை எப்ப மோனை இவ்வளவு வடிவாப் பாத்தனி?”

நான் அந்த ஆட்டை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

“ஒவ்வொரு நாளும் பாக்கிறனான், மாமி,” என்றேன். “வேலிக்கு மேலாலை.”